ஷெவர்லே 350 இன்ஜினில் ஹார்மோனிக் பேலன்சர் மாற்றுவது எப்படி: வீட்டிலேயே, சரியான கருவிகளோடு

அமெரிக்காவில் பழைய ஷெவர்லே பிக்கப் வாங்கி ஓட்டுகிறவர்கள் என்றாவது ஒருநாள் ஹார்மோனிக் பேலன்சரை, அதாவது இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் அதிர்வை அடக்கும் சக்கரத்தை, மாற்றுகிற வேலைக்கு வந்து சேருவார்கள். பயப்படுகிற அளவுக்குக் கடினமில்லை; ஒரு சனிக்கிழமை போதும். ஆனால் வீட்டில் இருக்கிற சுத்தியலையும் நெம்புகோலையும் வைத்துச் சமாளித்துவிடலாம் என்று இறங்கினால், ஒரு ரப்பர் வளையம் போனதற்காக கிராங்க் ஷாஃப்டையே மாற்ற வேண்டியதாகிவிடும். இரண்டு கருவிகள்தான் விஷயம்: கழற்றுவதற்குப் புல்லர், மாட்டுவதற்கு இன்ஸ்டாலர். இரண்டையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதுகூட இல்லை.

இங்கே நான் எடுத்துக்கொள்வது 350 கன அங்குல, அதாவது 5.7 லிட்டர், ஸ்மால் பிளாக் வி8. 1955-ல் 265 கன அங்குலத்தோடு தொடங்கிய இன்ஜின் குடும்பம் இது. 350 அளவு 1967-ல் கமாரோவில் வந்தது. பிறகு பிக்கப், வேன், கார் என்று ஷெவர்லே செய்த பலவற்றிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடமும் இருக்கும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல இன்ஜின் அமையாது. ஹோண்டாவோ ஜெனரல் மோட்டார்ஸின் பிந்தைய எல்எஸ் வகை இன்ஜினோ வைத்திருப்பவர்களுக்குத் தனியாகக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

அது அங்கே என்ன செய்கிறது

ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கிராங்க் ஷாஃப்ட் கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. உடனே பழைய நிலைக்குத் திரும்புகிறது. கண்ணுக்குத் தெரியாத முறுக்கல்தான். ஆனால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது. குறிப்பிட்ட சில வேகங்களில் இந்த அதிர்வு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து பெருகும். அடக்க ஆளில்லாவிட்டால் ஷாஃப்டில் விரிசல் விழும், டைமிங் செயின் அடிவாங்கும், பேரிங் தேயும்.

அடக்குவதுதான் பேலன்சரின் வேலை. ஷாஃப்டின் மூக்கில் இறுக்கமாக ஏறி உட்கார்ந்திருக்கும் ஹப், அதைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை, அதற்கு வெளியே கனமான இரும்பு வளையம். ஷாஃப்ட் வெடுக்கென்று திரும்பும்போது கனமான வளையம் அதே வேகத்தில் திரும்பாமல் பின்தங்கும். நடுவிலுள்ள ரப்பர் அந்த இழுபறியை வாங்கிச் சூடாக மாற்றிவிடும். முப்பது நாற்பது வருடம் எண்ணெயிலும் வெப்பத்திலும் கிடந்த ரப்பர் ஒருநாள் கையை விரித்துவிடுகிறது. நம்மூர் ஒர்க்‌ஷாப்களில் இதை டேம்பர் புல்லி என்றோ வெறுமனே கிராங்க் புல்லி என்றோ சொல்வார்கள்.

கெட்டுப்போனது இதுதானா என்று முதலில் பாருங்கள்

டார்ச் அடித்து ரப்பர் பட்டையைப் பாருங்கள். வெடிப்பு, பிதுங்கல், துண்டு துண்டாக உதிர்ந்த இடம் எது தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது தள்ளி நின்று பார்த்தால் வெளி வளையம் தள்ளாடுவது தெரியும். பெல்ட் அடிக்கடி கழன்று விழுவது, கீச்சிடுவது, முன்பக்கம் எண்ணெய் கசிவது எல்லாம் துணைச் சாட்சிகள். சில நேரம் கீழிருந்து தட்டுகிற சத்தம் வரும். ராட் பேரிங் போய்விட்டது என்று நினைத்து இன்ஜினையே இறக்கத் தயாராகிவிடுவார்கள். அதற்கு முன் இதையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

கண்ணில் படாத கோளாறு ஒன்றும் உண்டு. ரப்பர் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் வெளி வளையம் ஹப் மேல் வழுக்கிச் சில டிகிரி நகர்ந்திருக்கும். ஸ்பார்க் விழும் நேரத்தைச் சரிபார்க்கும் டைமிங் கோடு அந்த வளையத்தில்தான் இருக்கிறது. ஆகவே டைமிங் லைட் காட்டுவதெல்லாம் பொய்க்கணக்கு. கண்டுபிடிக்க ஒரு பிஸ்டன் ஸ்டாப் போதும். முன்பக்கம் டிரைவர் பக்கத்தில் (அமெரிக்க வண்டியில் இடப்பக்கம்) இருக்கும் முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஸ்டாப்பைத் திருகுங்கள். மற்ற பிளக்குகளையும் கழற்றிவிட்டால் கிராங்க் லேசாகத் திரும்பும். கையால் மெதுவாகத் திருப்பி, பிஸ்டன் முட்டுகிற இடத்தில் பேலன்சரில் சாக்பீஸால் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் திருப்பி, முட்டுகிற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிபாதியில் வருவதுதான் உண்மையான மேல்நிலை, அதாவது டிடிசி. பேலன்சரின் கோடு அங்கே இல்லையென்றால் வளையம் நகர்ந்துவிட்டது, அல்லது பாயின்டர் இந்தப் பேலன்சருக்கு உரியதல்ல. ஸ்டாப் உள்ளே இருக்கும்போது மறந்தும் சாவியைப் போட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றாதீர்கள். பிஸ்டனில் ஓட்டை விழும்.

சரியான பேலன்சரை வாங்குவது

இங்கேதான் பலருடைய காசு வீணாகிறது. ஸ்மால் பிளாக்குக்கு 6 அங்குலம், 6¾ அங்குலம், 8 அங்குலம் என்று பல விட்டங்களில் பேலன்சர் வந்திருக்கிறது. டைமிங் கவரில் இருக்கும் பாயின்டர் அந்தந்த விட்டத்துக்கு ஏற்றது. பழையதை அளந்துவிட்டு அதே அளவு வாங்குங்கள். 1969 வாக்கில் டைமிங் கோட்டின் இடமும் மாறியது: அதற்கு முன் சாவிப்பள்ளத்திலிருந்து (ஹப்பை ஷாஃப்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு உட்காரும் பள்ளம்) சுமார் 2 டிகிரி தள்ளி இருந்த கோடு, பிறகு 10 டிகிரி தள்ளிப் போனது. பழைய பாயின்டரோடு புதிய பேலன்சரைச் சேர்த்தால் 8 டிகிரி தவறான டைமிங்கோடு வண்டி ஓடும். ஏன் இழுக்க மாட்டேன் என்கிறது என்று கார்புரேட்டரைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று எடை. 350-ன் கிராங்க் முன்பக்கம் தானாகவே சமநிலையில் இருப்பது. பேலன்சரில் கூடுதல் எடை கிடையாது. அதே குடும்பத்தின் 400 கன அங்குல இன்ஜின் அப்படியல்ல. அதன் சமநிலையில் ஒரு பங்கைப் பேலன்சரே சுமக்கிறது, வளையத்தில் ஒருபக்கம் எடை குறைத்து வைத்திருப்பார்கள். இரண்டும் ஒரே ஷாஃப்டில் ஏறும், ஒரே மாதிரி இருக்கும். மாற்றி மாட்டினால் இன்ஜின் நடுங்கியே செத்துப்போகும். பழைய வண்டியில் முந்தைய சொந்தக்காரர் என்ன இன்ஜின் வைத்தார் என்பதை நம்பாமல், பிளாக்கின் பின்பக்கம் இருக்கும் வார்ப்பு எண்ணைப் படித்துப் பார்த்துவிடுங்கள். ஃபோர்டு 302 வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை: 1980-களின் தொடக்கத்தில் அதன் எடைக்கணக்கு 28 அவுன்ஸ்-இஞ்சிலிருந்து 50-க்கு மாறியது.

அன்றாடம் ஓட்டுகிற வண்டிக்குச் சாதாரண ரப்பர் பேலன்சரே தாராளம். சிலிக்கான் திரவம் நிரப்பியவை, ரேஸுக்கான பாதுகாப்புத் தரமான எஸ்எஃப்ஐ 18.1 முத்திரை உள்ளவை எல்லாம் விலை கூடியவை. உயர் ஆர்பிஎம்மில் ஓட்டாதவருக்கு அந்தப் பணத்தை டயரில் போடுவது மேல்.

என்னென்ன வேண்டும்

மூன்று போல்ட் புல்லர் ஒன்று. பேலன்சர் இன்ஸ்டாலர் ஒன்று. அதன் கம்பியில் 7/16-20 மரை இருக்க வேண்டும், அதுதான் ஸ்மால் பிளாக் கிராங்கின் மரை. ஆட்டோசோன், ஓரைலி போன்ற கடைகளில் முன்பணம் கட்டி எடுத்துப்போய் வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கலாம். பணம் முழுதாகத் திரும்பிவரும். பெட்டியைக் கடையிலேயே திறந்து, 3/8-24 மரை போல்ட் மூன்றும் இருக்கிறதா, இன்ஸ்டாலர் கம்பியின் மரை தேயாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரவல் கருவி பல கை மாறி வந்தது.

இவற்றோடு அரை அங்குல டிரைவ் டார்க் ரெஞ்ச், நீண்ட பிரேக்கர் பார், 9/16 மற்றும் 5/8 அங்குல சாக்கெட்டுகள், ஃப்ளைவீல் பற்களைப் பிடித்துக்கொள்ளும் ஹோல்டர், புதிய முன் ஆயில் சீல், கசிவை அடைக்கும் ஆர்டிவி சிலிக்கான் பசை கொஞ்சம், போல்ட் தளராமல் பிடிக்கும் நீல நிற த்ரெட்லாக்கர், கிரீஸ், நைஸ் எமரித் தாள், பிரேக் கிளீனர். ஆயில் சீல் பழையதே நன்றாக இருக்கிறதே என்று தோன்றும். சில டாலர்தான், இத்தனை தூரம் கழற்றிவிட்டு அதை விட்டுவைப்பது வீண் கஞ்சத்தனம்.

கழற்றுதல்

இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கீழே படுக்க வேண்டியிருந்தால் ஜாக்கை நம்பாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

பெல்ட்டுகளைத் தளர்த்தி எடுத்துவிட்டு, ஃபேனையும் அதைச் சுற்றியுள்ள மூடியான ஷ்ரவுடையும் கழற்றுங்கள். பிக்கப்பில் இது போதும், கை நன்றாக நுழையும். காரில் இடம் போதவில்லையென்றால் ரேடியேட்டரையும் இறக்க வேண்டும். கூலன்ட்டைத் தரையில் விடாமல் தட்டில் பிடித்து மூடி வையுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கிவிடும், அது விஷம். ரேடியேட்டர் இருந்த இடத்திலேயே இருந்தால் அதன் முன்னால் ஒரு கெட்டி அட்டையைச் செருகுங்கள். கை தவறிய ரெஞ்ச் ஒன்று போதும், ரேடியேட்டரில் ஓட்டை போட.

அடுத்து கிராங்க் புல்லியின் மூன்று போல்ட்டுகள், 9/16 சாக்கெட். புல்லி கையோடு வரும். நடுவில் தெரிவது பெரிய போல்ட். மிகப் பழைய இன்ஜின்கள் சிலவற்றில் இது இருக்கவே இருக்காது, கிராங்க் மூக்கில் ஓட்டையே போட்டிருக்க மாட்டார்கள். அப்படியானால் இந்த இன்ஸ்டாலர் பயன்படாது; மூக்கில் ஓட்டை போட்டு மரை வெட்ட மெஷின் ஷாப்பைக் கேளுங்கள்.

போல்ட்டைத் திருப்பினால் கிராங்கும் கூடவே சுற்றும். கீழே ஃப்ளைவீல் மூடியைக் கழற்றி ஹோல்டரைப் பற்களில் மாட்டினால் நிற்கும். மேனுவல் கியர் வண்டி என்றால் நான்காவது கியரில் போட்டு ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொன்னாலும் போதும். பிரேக்கர் பாரைத் தரையில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டிக் கழற்றுகிற வித்தை ஒன்று ஊரெல்லாம் உலவுகிறது. பார் எகிறினால் பற்களோ விரல்களோ போகும். வேண்டாம். இம்பாக்ட் கன் இருந்தால் கழற்ற மட்டும் பயன்படுத்தலாம்.

இப்போது புல்லர். தாடை போட்டு வெளி விளிம்பைப் பிடித்து இழுக்கும் கியர் புல்லரை இங்கே தொடாதீர்கள். வெளி வளையத்தை இழுத்தால் ரப்பர் கிழிந்து வளையம் மட்டும் கையோடு வரும், ஹப் அங்கேயே இருக்கும். இழுக்க வேண்டியது ஹப்பைத்தான். புல்லியைப் பிடித்திருந்த அதே மூன்று ஓட்டைகளில் புல்லரின் 3/8-24 போல்ட்டுகளைக் கையால் திருகுங்கள். மூன்றும் சமமாக, குறைந்தது போல்ட்டின் தடிமன் அளவுக்கு உள்ளே இறங்கியிருக்க வேண்டும். இரண்டு சுற்று மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் ஹப்பின் மரை உருவிக்கொண்டு வந்துவிடும்.

புல்லரின் நடுத்திருகு எதில் முட்டுகிறது என்பது அடுத்த கேள்வி. நேராக கிராங்கின் ஓட்டைக்குள் அழுத்தினால் உள்மரை நசுங்கும். புல்லர் பெட்டியில் இதற்கென்றே சிறு கம்பியும் தொப்பி மாதிரி ஒரு துண்டும் வரும். அதை மூக்கின்மேல் வைத்து, திருகின் முனையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, பிறகு திருகுங்கள். முதலில் ஒன்றும் நகராது. பிடி இறுகிக்கொண்டே போகும். பிறகு டக்கென்று ஒரு சத்தம், பேலன்சர் ஒரு மயிரிழை முன்னே வந்திருக்கும். அப்புறம் ஒரே சீராக நகர்ந்து வரும். கடைசி அங்குலத்தில் ஒரு கையைக் கீழே கொடுங்கள், நல்ல கனம்.

சீலும் சாவியும்

பேலன்சர் வெளியே வந்ததும் கொஞ்சம் எண்ணெய் சொட்டும், பரவாயில்லை. கிராங்க் மூக்கில் சிறிய அரைவட்டச் சாவி ஒன்று பள்ளத்தில் நிற்கும். சில நேரம் பேலன்சரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். முதல் வேலையாக அது எங்கே என்று பாருங்கள். நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள்.

பழைய ஹப்பைக் கையில் எடுத்து, சீல் உரசிய இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள பளவென்று ஒரு வளையக்கோடு தெரியும். நகம் அதில் மாட்டினால் கசிவுக்குக் காரணம் அதுதான். புதுப் பேலன்சர் போடுவதால் அந்தக் கவலை இல்லை. பழையதையே திரும்பப் போட வேண்டிய கட்டாயம் இருந்தால் மெல்லிய எஃகு ஸ்லீவ் ஒன்று கிடைக்கிறது. ஹப்பின்மேல் ஏற்றிவிட்டால் புது மேற்பரப்பு வந்துவிடும்.

சீலை நெம்பி எடுக்கும்போது கவரின் உட்பக்கத்திலும் கிராங்கிலும் கீறல் விழக்கூடாது. புதிய சீலின் உதடு, அதாவது சுருள்கம்பி தெரிகிற பக்கம், இன்ஜினுக்கு உள்ளே பார்த்திருக்க வேண்டும். அதன் விட்டத்துக்குக் கிட்டத்தட்ட சமமான தட்டையான பெரிய சாக்கெட்டையோ சீல் டிரைவரையோ வைத்து, சுற்றிச் சுற்றி லேசாகத் தட்டுங்கள். கோணலாக இறங்கத் தொடங்கினால் உடனே நிறுத்தி நேராக்குங்கள். தகடு கவர் சுலபமாக வளையும். உதட்டில் ஒரு விரல் எண்ணெய் தடவுங்கள். வறண்ட சீல் முதல் நிமிடத்திலேயே கருகிவிடும்.

மாட்டுதல்

எத்தனை எச்சரித்தாலும் ஆட்கள் தவறு செய்கிற இடம் இதுதான். ஹப்பின் ஓட்டை கிராங்க் மூக்கைவிடச் சுமார் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு சிறியது. அந்த இறுக்கத்தில்தான் பேலன்சர் நிற்கிறது. ஆகவே கையால் தள்ளினால் ஏறாது. ஏறாததைப் பார்த்ததும் மரக்கட்டையும் சுத்தியலும் வந்துவிடும். அடிக்கிற ஒவ்வொரு அடியும் கிராங்கின் த்ரஸ்ட் பேரிங்கில் போய் விழுகிறது. புதுப் பேலன்சரின் ரப்பர் ஒட்டும் விட்டுப்போகிறது. இன்னும் சிலர் நடு போல்ட்டையே போட்டு இறுக்கி இழுக்கப் பார்ப்பார்கள். பேலன்சர் பாதி வழியில் இருக்கும்போது அந்தப் போல்ட்டின் முனையில் மூன்று நான்கு மரைதான் பிடித்திருக்கும். மொத்தச் சுமையும் அதில் ஏறி, கிராங்கின் உள்மரை உருவிவிடும். அதைச் சரிசெய்ய மெஷின் ஷாப்பைத் தேட வேண்டும்.

மூக்கை எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, கிளீனரால் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசுங்கள். சீல் உரசும் ஹப் பரப்பிலும் அப்படியே. ஹப்பின் சாவிப்பள்ளத்துக்குள் பட்டாணி அளவு ஆர்டிவி வையுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பள்ளம் வழியாக எண்ணெய் நூலாக ஊர்ந்து வந்து, புது சீலே ஒழுகுகிறது என்று நினைக்க வைக்கும்.

சாவியையும் பள்ளத்தையும் நேராக்கிப் பேலன்சரைக் கையால் மூக்கில் ஏற்றிப் பிடியுங்கள். இன்ஸ்டாலர் கம்பியின் 7/16-20 முனையை கிராங்கினுள் கையாலேயே முடிகிற மட்டும் திருகுங்கள். அதன்மேல் தட்டு, பேரிங், பெரிய நட் என்று வரிசையாக வரும். பேரிங்குக்கும் கம்பியின் மரைக்கும் கிரீஸ் போடுங்கள். ஒரு ரெஞ்ச் கம்பியைத் திரும்பாமல் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருப்ப. கம்பி நகராமல் நட் மட்டும் நகர்வதால் கிராங்கின் மரைக்குத் தேய்மானமே இல்லை. சீல் உதட்டுக்குள் ஹப் நுழைகிற நேரத்தில் ஒரு கணம் நிறுத்தி, உதடு மடங்காமல் சீராக விரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

சீரான எதிர்ப்போடு வந்துகொண்டிருந்த நட் திடீரென்று கல்லாக நிற்கும். அதுதான் அடிவரை போய்விட்டதற்கு அடையாளம். சந்தேகமிருந்தால் புல்லியை மாட்டி, வாட்டர் பம்ப் புல்லியோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஒரு நேரான பட்டையை வைத்துப் பாருங்கள். பிறகு இன்ஸ்டாலரை எடுத்துவிட்டு, தடித்த வாஷரோடு நடு போல்ட், மரையில் இரண்டு சொட்டு த்ரெட்லாக்கர், 60 ஃபுட் பவுண்டு, அதாவது 81 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச்தான், இம்பாக்ட் கன் இல்லை. ஃப்ளைவீல் ஹோல்டரை எடுக்க மறக்காதீர்கள்.

வேறு இன்ஜின் என்றால்

ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ்1 குடும்பத்தில் கிராங்க் மூக்கில் பேலன்சருக்குச் சாவியே கிடையாது. இறுக்கம் ஒன்றுதான் பிடி. மூன்று தாடைப் புல்லர் ஹப்பின் ஆரங்களைப் பிடிக்கிற மாதிரி தனியாக வரும். அங்கே பழைய போல்ட்டால் 240 ஃபுட் பவுண்டு இறுக்கி அமர்த்தி, அதை எடுத்துவிட்டு, புதுப் போல்ட்டை 37 ஃபுட் பவுண்டும் அதன்மேல் 140 டிகிரியும் இறுக்க வேண்டும். அந்தப் போல்ட் நீண்டு கொடுக்கும் வகை, மறுபடி பயன்படுத்தக்கூடாது.

ஹோண்டா நேரெதிர். புல்லி கையோடு வழுக்கிக்கொண்டு வரும், புல்லரே வேண்டாம். ஆனால் போல்ட் இருக்கிறதே, அது லேசில் அசையாது. பல மாடல்களில் புல்லியின் நடுவே 50 மில்லிமீட்டர் அறுகோணக் குழி இருக்கும்; அதில் பொருந்தும் ஹோல்டரும் 19 மில்லிமீட்டர் சாக்கெட்டும் நீளமான பாரும் இல்லாமல் தொடங்காதீர்கள். இறுக்கும் அளவு இன்ஜினுக்கு இன்ஜின் வேறு. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்

ஃபேன், ஷ்ரவுட், பெல்ட் எல்லாம் திரும்ப ஏறியதும், பேட்டரியை இணைக்கும் முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச்சுற்று சுற்றுங்கள். எதுவும் உரசக்கூடாது. பிறகு ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, பக்கவாட்டில் நின்று பாருங்கள். வளையம் ஒரே தட்டையில் சுற்ற வேண்டும். சூடு ஏறியதும் சீலைச் சுற்றி டார்ச் அடித்து எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக டைமிங். பழைய வளையம் நகர்ந்திருந்தால் இதற்கு முன் வைத்த டைமிங் தவறாகத்தான் இருந்திருக்கும். டிஸ்ட்ரிப்யூட்டரின் வேக்கம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, பானெட்டுக்கு அடியிலுள்ள ஸ்டிக்கரில் போட்டிருக்கும் டிகிரிக்கு டைமிங் லைட்டோடு புதிதாக வைத்துவிடுங்கள். பழைய வி-பெல்ட் வண்டி என்றால் சில நாள் ஓட்டியபின் பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், கொஞ்சம் தளர்ந்திருக்கும். கருவிகளைத் திருப்பிக் கொடுக்கும் முன் புல்லர் போல்ட் மூன்றையும் அந்தத் தொப்பித் துண்டையும் பெட்டிக்குள் எண்ணி வையுங்கள். ஒன்று குறைந்தாலும் முன்பணத்தில் கை வைத்துவிடுவார்கள்.